‘வருமாம்’ என்பதை ‘வருகிறது’ என்று எழுதாதீர்கள்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆறேழு கல்லூரி மாணவர்கள் கூடுகிறார்கள். தொழில்நுட்பம், வீடியோ கேம், உலக நடப்பு ஆகியவற்றைப் பற்றித் தமிழில் கருத்துக் கட்டுரை எழுத விரும்புகிறவர்கள் அவர்கள். ஒருவர் தாம் எழுதி வந்ததைப் படிக்க, மற்றவர்கள் ஒத்தும் மறுத்தும் பேசுவார்கள். பதினான்கு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறவன் என்பதால் என்னையும் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். சென்ற வாரம் படிக்கப்பட்ட மூன்று கட்டுரைகளிலும் என்னுடைய பழைய தவறுகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்று, நான் செய்ததால் இன்னொருவர் பணத்தை இழந்த தவறு. எழுத்துப் பிழை, அனுமதியில்லாமல் எடுத்த படம், வசைச்சொல் போன்றவற்றை எல்லோரும் கண்டித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பை நடந்ததாக எழுதுவது

நம் பேச்சில் ‘ஆம்’ என்றொரு சிறிய ஒட்டு இருக்கிறது. வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் “லேப்டாப் விலை ஏறப் போவுதாம்” என்று சொன்னால், இதை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், இன்னும் நடக்கவில்லை என்ற மூன்று செய்திகளும் ‘போவுதாம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதே மனிதர் கட்டுரை எழுத உட்கார்ந்ததும், அந்தப் ‘போவுதாம்’ பேச்சுவழக்கு என்று தோன்றி உதிர்ந்துபோகிறது. ‘மடிக்கணினி விலை உயர்கிறது’ என்று வாக்கியம் முடிகிறது. கேள்விப்பட்டது கண்டதாகிவிடுகிறது, வரப்போவது வந்ததாகிவிடுகிறது. தலைப்பில் நிலைமை இன்னும் மோசம். ‘மடிக்கணினிக்குத் தடை’ என்று வினைச்சொல்லே இல்லாமல் எழுதிவிட்டால், எந்தக் காலம் என்பதை வாசகர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பயந்துபோன வாசகர் அதை நிகழ்காலமாகவே நிரப்பிக்கொள்வார்.

2023 ஆகஸ்ட் 3 அன்று, மடிக்கணினி, டேப்லெட், சர்வர் முதலியவற்றின் இறக்குமதியைத் ‘தடையற்றது’ என்ற வகையிலிருந்து ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற வகைக்கு மாற்றி, அது உடனடியாக நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இறக்குமதி செய்யும் நிறுவனம் இனி உரிமம் பெற வேண்டும் என்பதே அதன் பொருள். கட்டுப்படுத்தப்பட்டது என்பது வேறு, தடைசெய்யப்பட்டது என்பது வேறு. கடைகளில் ஏற்கெனவே இருந்த சரக்கை அது தொடவே இல்லை. அந்த அறிவிக்கையைப் படித்தாலே இவ்வளவும் தெரிந்திருக்கும். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. தொலைக்காட்சியின் அடியில் ஓடிய ஒரு வரியை வைத்துக்கொண்டு, அன்றிரவே ‘மடிக்கணினி இறக்குமதிக்குத் தடை’ என்று தலைப்பிட்டு, நாட்டின் தொழில் கொள்கை முழுவதையும் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதி முடித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை சத்துவாச்சாரியில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்து, “இன்னைக்கே வாங்கிடுங்க அத்தை, அடுத்த வாரம் கடையில இருக்காது” என்றேன். அத்தை மகள் அந்த ஆண்டுதான் பொறியியல் படிப்பில் சேர இருந்தாள். ஆயுத பூஜைத் தள்ளுபடியில் வாங்கலாம் என்று வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்பா” என்று சொல்லிவிட்டு, அத்தை இரண்டு வளையல்களை அடகு வைத்து, கடையில் கையிருப்பில் இருந்த ஒரே மாதிரியை 58,000 ரூபாய்க்கு வாங்கிவந்தார். அன்றிரவே, அக்டோபர் 31 வரை பழையபடியே இறக்குமதி செய்யலாம் என்று அரசு அவகாசம் கொடுத்துவிட்டது. அக்டோபரில் அந்த உரிமத் திட்டம், நிறுவனங்கள் இணையவழியில் விண்ணப்பித்து அனுமதி பெறும் முறையாக மாறியது. ஆயுத பூஜை வாரத்தில் அதே மடிக்கணினி 49,500 ரூபாய்க்கு விற்றது.

தீபாவளிக்குப் போனபோது, அத்தையின் சமையலறை நாள்காட்டிக்குப் பின்னால் அடகுச் சீட்டு செருகியிருந்ததைப் பார்த்தேன். மஞ்சள் சீட்டு, அதன் ஓரத்தில் கட்டிய வட்டி மாதவாரியாகப் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது, கடைசி மாதத்துக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. அத்தை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரசு முடிவை மாற்றிக்கொண்டதால்தான் என் கணிப்பு பொய்த்தது என்று சில மாதங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல. அரசு எதையும் மாற்றாமல் இருந்திருந்தாலும், ‘தடை’ என்ற சொல் அந்த அறிவிக்கையில் இல்லை. அது நான் போட்ட சொல்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைப் புரிய வைப்பது கடினமல்ல. வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்று 2019 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தார். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கியது நவம்பர் 28 அன்று. இடைப்பட்ட மூன்றரை மாதங்களில் வாலாஜாபேட்டையிலிருந்து மனு கொடுக்க வந்தவர் வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் வந்தார். நம் ஊர்ச் செய்தி என்றால் இந்த இடைவெளி யாரும் சொல்லாமலேயே நமக்குத் தெரிகிறது. வாஷிங்டனிலிருந்தோ டில்லியிலிருந்தோ வரும் செய்தி என்றால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

சில அறிவிப்புகள் நடைமுறை நாளைக் காணாமலேயே மறைந்தும்போகும். செயற்கை நுண்ணறிவுக்கான உயர்ரக சிப்களின் ஏற்றுமதிக்காக உலக நாடுகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, இந்தியாவை நடு அடுக்கில் வைத்து, அமெரிக்க அரசு 2025 ஜனவரி 13 அன்று ஒரு விதியை அறிவித்தது. நிறுவனங்கள் அதைப் பின்பற்ற வேண்டிய நாள் மே 15. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, மே 13 அன்று, அந்த விதியைத் திரும்பப் பெறுவதாக அமெரிக்க அரசே அறிவித்துவிட்டது. நடுவில் இருந்த நான்கு மாதங்களில் ‘இந்தியாவுக்கு இனி சிப் கிடைக்காது’ என்று எழுதப்பட்ட கட்டுரைகள் எங்கள் மொட்டை மாடியிலேயே இரண்டு படிக்கப்பட்டன. இரண்டிலும் வாதம் நன்றாக இருந்தது, நடையும் நன்றாக இருந்தது; நடக்காத ஒன்றின் மேல் அவை நின்றன.

சட்டத்துக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஓராண்டுக்குள் எந்த மாதத்தில் ‘தமிழ்நாட்டில் ரம்மிக்குத் தடை’ என்று எழுதினாலும், எழுதுகிறவர் எந்தப் படியில் நின்று எழுதுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத்தான் தடுக்கிறது, போட்டியாக நடத்தப்படும் வீடியோ கேமான இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது. ‘ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை’ என்று எழுதப்பட்டதைப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் ஒரு தாய் மகனின் கணினியிலிருந்த கால்பந்து விளையாட்டை அழிக்கச் சொன்னார்.

வீடியோ கேம் நிறுவனங்களும் தேதி சொல்லும்போது இப்படித்தான். ஜிடிஏ 6 விளையாட்டின் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வந்தபோது 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். பிறகு 2026 நவம்பர் 19 என்றார்கள். ஒவ்வொரு முறையும் ‘வெளியாகிறது’ என்று எழுதியவர் இரண்டு முறை தவறினார். ‘வெளியிடப்போவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது’ என்று எழுதியவர் ஒருமுறையும் தவறவில்லை.

ஆகையால் மாணவர்களிடம் நான் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். பேசினார், முன்மொழிந்தார், நிறைவேற்றியது, ஒப்புதல் அளித்தார், அரசிதழில் வெளியானது, நடைமுறைக்கு வந்தது, நீதிமன்றம் நிறுத்திவைத்தது என ஒவ்வொரு படிக்கும் தமிழில் தனி வினை இருக்கிறது. எந்தப் படி என்பது தெரியாவிட்டால், தெரிகிற வரைக்கும் கட்டுரை காத்திருக்கட்டும். காசு செலவழிக்கும்படி யாருக்காவது யோசனை சொல்லப்போகிறோம் என்றால், மூல ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது.

டாலரைப் பெருக்கி விலை சொல்வது

‘அங்கே 499 டாலர், இங்கே 49,990 ரூபாய், நம்மை ஏமாற்றுகிறார்கள்’ என்று பிளேஸ்டேஷன் 5 பற்றி 2021 பிப்ரவரியில் பலர் எழுதினார்கள், நானும் எழுதினேன். அன்றைய மதிப்பில் 499 டாலர் ஏறக்குறைய 36,500 ரூபாய்தான். ஆனால் அமெரிக்காவில் சொல்லப்படுவது வரி சேராத விலை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறி, பணம் கட்டும்போதுதான் சேர்கிறது. நம் ஊர் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது சுங்கமும் ஜிஎஸ்டியும் உள்ளடங்கிய விலை. இவற்றைக் கழித்த பிறகும் வேறுபாடு மிஞ்சினால், அதைக் கேள்வி கேட்பது நியாயம். கழிக்காமல் கோபப்பட்டால், கடைக்காரர் ஒரே நிமிடத்தில் உங்கள் கட்டுரையைக் கவிழ்த்துவிடுவார்.

பில்லியன்

ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. ஒவ்வொரு முறையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

யாருடையது என்று தெரியாமல் சாடுவது

‘பப்ஜி சீன விளையாட்டு, அதனால் தடை செய்தார்கள், பிறகு தடையை நீக்கிவிட்டார்கள்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டியிருந்தது. விளையாட்டை உருவாக்கியது தென்கொரிய நிறுவனம். 2020 செப்டம்பர் 2 அன்று வெளியான 118 செயலிகளின் பட்டியலில் இருந்தவை, சீனாவின் டென்சென்ட் வெளியிட்டுவந்த மொபைல் பதிப்புகள். கணினியில் ஆடும் பதிப்பு அதில் இல்லை. 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) வேறொரு செயலி. அதுவும் 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது.

சிப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. அமெரிக்காவின் என்விடியா சிப்பை வடிவமைக்கிறதே தவிர, தன் ஆலையில் அச்சிடுவதில்லை. அதன் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளின் சிப்களைத் தென்கொரியாவின் சாம்சங் செய்துகொடுத்தது, 40 வரிசையினுடையவற்றைத் தைவானின் டிஎஸ்எம்சி செய்துகொடுத்தது. மிகநுண்ணிய சிப்களை அச்சிடும் ஒளி இயந்திரமோ நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்திலிருந்து வருகிறது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் அமைத்திருப்பது, செய்த சிப்பைப் பொதிந்து சோதிக்கும் ஆலை. அதைச் ‘சிப் தயாரிக்கும் ஆலை’ என்று எழுதினால், பெருமைப்பட்டாலும் பழித்தாலும் இரண்டும் பொருந்தாது.

ஆடாத விளையாட்டை விமர்சிப்பது

கூடாது. பத்து மணி நேரமாவது ஆடிவிட்டு எழுதுங்கள், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் உலகத்தைப் பற்றி எழுதுவது

2025 ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருள்களுக்கு 26 விழுக்காடு வரி என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார்; ஏப்ரல் 9 அன்று அது 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டு, பொதுவான 10 விழுக்காடு மட்டும் நீடித்தது; ஆகஸ்ட் 7 முதல் 25, ஆகஸ்ட் 27 முதல் 50 என்று ஏறியது. இதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவந்த மாணவரின் அப்பா, ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். எட்டுப் பக்கத்திலும் வாஷிங்டன் இருந்தது, பெய்ஜிங் இருந்தது, ஆம்பூர் இல்லை. “உங்க அப்பாகிட்ட கேட்டியாப்பா?” என்றேன். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு வந்தார். வரியைச் சட்டப்படி கட்டுகிறவர் அமெரிக்காவில் இருக்கும் இறக்குமதியாளர்தான். ஆனால் தோலை வெட்டி, மேற்பாகம் தைத்து முடித்த பிறகு, அந்த இறக்குமதியாளர் பாதி வரியை விலையில் கழித்துத் தரும்படி இங்கே கேட்டிருக்கிறார். வெட்டிய தோலை வேறு அளவுக்கு மாற்ற முடியாது என்பதால் தொழிற்சாலை ஒப்புக்கொண்டது. அந்த மாதம் கூடுதல் நேர வேலையை நிறுத்தியது. வரி யார் தலையில் விழுகிறது என்ற கேள்விக்கு, மாணவர் எழுதிய எட்டுப் பக்கத்தில் இல்லாத விடை, அவர் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் சூழ்ந்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, வெளியூர்க்காரர் எழுதியதையே திருப்பி எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தவறைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது

2023 ஆகஸ்ட் 5 அன்று நான் செய்தது இது. தலைப்பில் இருந்த ‘தடை’யைக் ‘கட்டுப்பாடு’ என்று மாற்றினேன், கட்டுரைக்குள் இருந்த ‘இனி’ என்பதை எடுத்துவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் படித்துவிட்டுக் கடைக்கு ஓடியவர் மறுபடியும் வந்து படித்திருந்தால், தாம்தான் தவறாகப் படித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். அடகுச் சீட்டைப் பார்த்து வந்த அன்றிரவு பழைய தலைப்பை மீண்டும் போட்டு, அதன்மேல் ஒரு கோடிட்டு, மேலே இதைச் சேர்த்தேன்:

‘திருத்தம், 2023 நவம்பர் 12: ஆகஸ்ட் 3 அறிவிக்கை இறக்குமதியைத் தடை செய்யவில்லை, உரிமம் கேட்டது. அதைப் படிக்காமல் தடை என்று எழுதினேன். ஆகஸ்ட் 4 அன்று அரசு அவகாசம் கொடுத்ததையும் உடனே இங்கே சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’