வைஃபை இணைக்கப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்கிறதா? லினக்ஸ் சாதாரணக் கணக்குக்கு வழி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டியூஷன் வகுப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்ட ஒரு மடிக்கணினியைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கொரு கணக்கு. யாருடைய கைப்பேசியில் லைன் நன்றாக இருக்கிறதோ அவர் ஹாட்ஸ்பாட் போடுவார். அப்போதுதான் கேள்வி வரும்: "அக்கா, அவன் அக்கவுண்ட்ல லைன் வருது, என்னுதுல வரல."

எல்லாருக்கும் சூடோ உரிமை, அதாவது அட்மினைப் போல எதையும் செய்யும் உரிமை, கொடுத்தால் பிரச்சினை தீரும். ஆனால் சூடோ உள்ளவர் மற்றவருடைய கோப்புகளைத் திறக்கலாம், அழிக்கலாம், கணினியையே மாற்றலாம். எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சிக் கோப்புகள் கிடக்கும் பொதுக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். எந்த அனுமதி குறைகிறதோ அதை மட்டும் கொடுத்தால் போதும்.

திரையில் தெரியும் வைஃபை சின்னம் உங்கள் கணக்கில் ஓடுகிறது. இணைப்பை உண்மையில் ஏற்படுத்துவது நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல். அது ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, பின்னால் ஓடுகிறது. நீங்கள் சின்னத்தைச் சொடுக்கியதும் அது அனுமதியைத் தீர்மானிக்கும் போல்கிட் என்ற நிரலிடம் "இவர் இதைச் செய்யலாமா?" என்று கேட்கும். தோட்டத்து ஸ்டோரில் எதை எடுப்பதானாலும் கிராணியை (எழுத்தரை) கேட்டாக வேண்டும் அல்லவா, அந்த இடத்தில்தான் போல்கிட் இருக்கிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், எந்தக் கடவுச்சொல் கேட்கிறது?

இரண்டு விதமான பெட்டி வரலாம். ஹாட்ஸ்பாட்டின் பெயரைக் காட்டிக் கேட்டால் அது வைஃபை கடவுச்சொல். அனுமதிக் கோளாறு இல்லை, கைப்பேசிக்காரரிடம் கேட்டுத் தட்டினால் முடிந்தது. அட்மினின் பெயரைக் காட்டிக் கேட்டால் அது போல்கிட். தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, அனுமதிப் பட்டியல்

கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து 'என்எம்சிஎல்ஐ ஜெனரல் பெர்மிஷன்ஸ்' என்று தட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக எஸ், நோ, ஆத் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ஆத் என்றால் கடவுச்சொல் கொடுத்தால் செய்யலாம் என்று பொருள். நீண்ட பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். 'நெட்வொர்க்-கன்ட்ரோல்', 'மாடிஃபை.ஓன்', 'மாடிஃபை.சிஸ்டம்' என்று முடியும் மூன்று வரிகள் போதும். ஓன் என்பது உங்களுக்கு மட்டுமான இணைப்பு, சிஸ்டம் என்பது எல்லாருக்குமான இணைப்பு.

மூன்றுமே நோ அல்லது ஆத் என்றால், நீங்கள் கணினியின் முன்னால் உட்காராமல் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்திருக்கலாம். 'லாகின்சிடிஎல் செஷன்-ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் தெரியும். நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு 'சீட்0', 'ஆக்டிவ்' இரண்டும் காட்டும். ஆத் என்று இருந்தும் கடவுச்சொல் பெட்டியே வரவில்லையா? அந்தப் பெட்டியைக் காட்டும் போல்கிட் ஏஜென்ட் ஓடவில்லை. ஓபன்பாக்ஸ் போன்ற சின்ன டெஸ்க்டாப்களில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

அவனுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பு அவன் பெயரில் மட்டும் சேமிக்கப்பட்டிருப்பதுதான். அவன் கணக்கில் நுழைந்து நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் திறந்து, அந்த வைஃபையைத் தேர்ந்தெடுத்து, ஜெனரல் தாவலுக்குப் போங்கள். எல்லாப் பயனர்களும் இந்த நெட்வொர்க்கில் இணையலாம் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். சேமிக்கும்போது அட்மின் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் போதும். வகுப்பின் நிரந்தர வைஃபைக்கு நான் பரிந்துரைக்கும் வழி இதுதான்.

வந்து போகும் ஹாட்ஸ்பாட்டுக்கு நேர் எதிராகச் செய்யுங்கள். டிக் இல்லாமல் சேமித்தால் அது 'ஓன்' வகை, அட்மின் தேவைப்படாது. டெர்மினலில் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை கனெக்ட்', ஹாட்ஸ்பாட் பெயர், 'பாஸ்வேர்ட்', கடவுச்சொல், கடைசியில் 'பிரைவேட் எஸ்' என்று வரிசையாகத் தட்டினாலும் அதே வேலை நடக்கும்.

பொறுப்பான ஒருவருக்கு மட்டும் கூடுதல் உரிமை

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் நெட்டெவ் என்ற குழு இருக்கிறது. அதில் இருப்பவர் நேரில் உட்கார்ந்து பொது இணைப்புகளை மாற்றலாம், சூடோ வேண்டாம். அட்மின் கணக்கில் 'சூடோ யூசர்மாட் -ஏஜி நெட்டெவ்' என்று தட்டி, பின்னால் பயனர் பெயரைச் சேருங்கள். ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ விட்டுப்போனால் பயனர் ஏற்கெனவே சேர்ந்திருந்த மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து நீங்கிவிடுவார், கவனம். அப்புறம் அவர் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும், அதுவரை மாற்றம் தெரியாது.

வேறு கணினியிலிருந்து இணைப்புக் கோப்புகளை நகல் எடுத்துப் போட்டீர்களா? அவை ரூட்டுக்குச் சொந்தமாக, 600 அனுமதியோடு (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும். மற்றவர் படிக்கும்படி திறந்து கிடந்தால் நெட்வொர்க்மேனேஜர் அவற்றை ஏற்காது. ஆகவே 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துப் பார்க்காதீர்கள். வைஃபை பட்டியலே காலியாக இருந்தால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' தட்டுங்கள். பிளாக்ட் என்பதற்கு நேரே எஸ் இருந்தால் ரேடியோ அணைந்திருக்கிறது, அது அனுமதிப் பிரச்சினை இல்லை.

நெட்டெவ் குழுவில் சேர்த்த மாணவர் படிப்பு முடிந்து போனதும் 'சூடோ டெல்யூசர்', அவர் பெயர், 'நெட்டெவ்' என்று தட்டிக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். குழுவின் பெயரைத் தட்ட மறந்தால் கணக்கே நீங்கிவிடும். என்டர் அழுத்தும் முன் வரியை ஒருமுறை படியுங்கள்.