ஒன்ராறியோக் குளிர்காலத்துக்குக் குறைந்த விலையில் ஓல் வீல் டிரைவ் கார் வாங்குதல்

ஒன்ராறியோவில் முதல் பனி கொட்டியதும் பாவித்த ஓல் வீல் டிரைவ் கார்களைத் தேடுவோர் கூடிவிடுவார்கள். விலையும் கூடவே ஏறும், பேரம் பேசவும் இடம் இராது. ஆகையால் குறைந்த பணத்தில் வாங்க நினைப்பவர் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில் தேடுவதே நல்லது. அந்த மாதங்களில் காய்ந்த தரையில் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க முடியும். கடந்த குளிர்காலத்தின் உப்பு என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்பதும் மறைவின்றித் தெரியும்.

நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் விசை போவதால் கார் பனியில் புதையாமல் கிளம்பும், மேட்டில் ஏறும், பனி வழிக்கப்படாத தெருவிலிருந்து வெளியே வரும். ஆனால் பிரேக் அழுத்தும்போது எந்தக் காரிலும் நான்கு சில்லுகளுமே பிடிக்கின்றன. அங்கே ஓல் வீல் டிரைவ் எந்த உதவியும் செய்வதில்லை. வளைவில் சறுக்காமல் திரும்புவதும் குறுகிய தூரத்தில் நிற்பதும் பெரும்பாலும் ரயர் தரையைப் பற்றும் பிடியைப் பொறுத்தவை. இலகுவாக வேகம் எடுக்கும் கார் ஓட்டுபவருக்குத் தவறான துணிவைக் கொடுத்துவிடுவதால், இந்த வேறுபாட்டை வாங்குவதற்கு முன்னரே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் ரயரின் ரப்பர் கடும் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். எனவே விண்டர் ரயர் போட்ட முன்சில்லு ஓட்டக் காரும் ஓல் சீசன் ரயரோடு நிற்கும் ஓல் வீல் டிரைவ் காரும் ஒரே விலைக்குக் கிடைத்தால், முதலாவதையே வாங்குமாறு நான் சொல்வேன். ஸ்காபரோவில் வசித்து, பனி உடனுக்குடன் வழிக்கப்படும் பெருந்தெருக்களில் மட்டும் வேலைக்குப் போய்வருபவருக்கு அதுவே போதும். பரி, ஒரேஞ்வில் போன்ற பனி மிகுந்த பக்கங்களில் இருப்பவர்களுக்கும், பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்னரே விடியற்காலை வேலைக்குக் கிளம்புபவர்களுக்கும் ஓல் வீல் டிரைவ் உண்மையிலேயே பயன்படும்.

பணத்தைப் பிரித்துக்கொள்வது அடுத்த வேலை. கையில் 8,000 டொலர் இருந்தால் 6,000 டொலர் காரைத்தான் தேட வேண்டும். 13 வீத வரி 780 டொலர் போக மீதி ஏறத்தாழ 1,200 டொலர் இருக்கும். அது நான்கு விண்டர் ரயர்களுக்கும் அவற்றுக்கான இரும்பு றிம்களுக்கும் உரியது. விற்பவர் விண்டர் ரயர்களையும் சேர்த்துத் தந்தால் அவற்றின் பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் பின்னிரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்ட ரயர் பனியில் ஓட ஏற்றதல்ல. அத்தகைய ரயர்களுக்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

இந்த விலையில் அதிகம் அகப்படுபவை சுபாருவின் ஃபொறெஸ்ரர், இம்பிறெஸா, அவுட்பாக் ஆகியவை. சுபாருவில் நான்கு சில்லுகளுக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டிருப்பதால் பனியில் அவை மிக நன்றாக ஓடும். ஆனால் ஏறக்குறைய 2010 வரையான 2.5 லீற்றர் எஞ்சின்களில், எஞ்சினின் இரு பகுதிகளுக்கு இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெற் கசிவது தெரிந்த குறைபாடு. அதை மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும் என்று கணக்கிட்டே பேரம் பேச வேண்டும். ஃபொறெஸ்ரரில் 2011இலும் இம்பிறெஸாவில் 2012இலும் புதிய எஞ்சின் வந்தது. ரைமிங் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி கொண்ட அந்த எஞ்சின்களில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த சில எண்ணெய் குடிக்கும்.

ரொயோட்டா ராவ் 4, ஹொண்டா சி.ஆர்.வி ஆகியவை வழமையாக முன்சில்லுகளில் ஓடி, சறுக்கும்போது பின்சில்லுகளுக்கும் விசையை அனுப்புபவை. நகரத் தேவைக்கு இது தாராளம். ரொயோட்டா மற்றிக்ஸும் பொன்ரியாக் வைப்பும் அடிப்படையில் ஒரே வாகனம். பொன்ரியாக் என்ற பெயரே 2010இல் நின்றுபோனதால் வைப் பல வேளைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இரண்டிலும் முன்சில்லு ஓட்டம் கொண்டவையே அதிகம் என்பதால் விளம்பரத்தை நம்பாமல் பின் அச்சைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். விலை வீழ்ந்த பழைய ஐரோப்பிய சொகுசுக் கார்களை இந்தத் தொகையில் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை, ஏனெனில் காரின் விலை இறங்கினாலும் உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. எதை வாங்கினாலும் சறுக்கலைத் தானே திருத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அதில் இருக்க வேண்டும். 2011 செப்ரெம்பர் முதல் கனடாவுக்காகத் தயாரிக்கப்பட்ட புதிய கார்களில் அது கட்டாயம், அதற்கு முந்தியவற்றில் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பழைய காரை ஒன்ராறியோவில் கொல்வது எஞ்சினை விடக் கறள்தான். கதவுக்குக் கீழேயுள்ள ஓரத் தகடு, பின்சில்லுகளைத் தாங்கும் சட்டம், பின் இணைப்புத் தண்டுகள் பூட்டப்பட்ட இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகிய நான்கையும் ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். புகைக்குழாயின் மேல் படிந்திருக்கும் செம்மண் நிறக் கறளுக்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் சட்டத்தில் கறள் அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பொருக்குவிட்டு, ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்து, துண்டு துண்டாகக் கொட்டினால் அந்தக் கார் வேண்டாம். ஓடிய கிலோமீற்றர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால், பழைய காரில் அது பெரும்பாலும் எதையோ மறைப்பதற்காகவே பூசப்பட்டது. 2007 முதல் 2011 வரையான சி.ஆர்.வி கார்களின் பின்சட்டம் உப்பினால் அரிக்கப்பட்டு, இணைப்புத் தண்டு கழன்றுவிடக்கூடும் என்பதால் 2023இல் அமெரிக்காவின் உப்பு போடும் மாநிலங்களில் ஹொண்டா அவற்றைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டுகளின் சி.ஆர்.வியைப் பார்க்கும்போது முதலில் அந்த இடத்தையே பாருங்கள்.

ஓல் வீல் டிரைவுக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. நான்கு ரயர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாகவும், ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும். இரண்டு புதியவையும் இரண்டு தேய்ந்தவையும் இருந்தால் சில்லுகளின் சுற்றளவு மாறுபட்டு, முன் பின் அச்சுகளை இணைக்கும் பகுதி ஓய்வின்றி இழுபட்டுச் சூடேறிப் பழுதாகும். சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று சுபாரு கூறுகிறது. ஆகவே பொருந்தாத ரயர்களுடன் நிற்கும் கார், உள்ளேயும் கவனிக்கப்படாமல் ஓடியிருக்கலாம். எஞ்சின் சூடான பிறகு வெறுமையான தரிப்பிடம் ஒன்றில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். யாரோ பிரேக்கை அழுத்துவதுபோல் கார் இறுகினாலோ விட்டுவிட்டுத் துள்ளினாலோ அந்த இணைப்பில் கோளாறு இருக்கிறது. சி.ஆர்.வியில் இவ்வாறு திரும்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்டால், பின்சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பின் டிஃபரென்ஷியலின் எண்ணெய் பழுதாகியிருக்கக்கூடும். ஹொண்டாவுக்கே உரிய எண்ணெயை மாற்றினால் பல வேளைகளில் அது தீர்ந்துவிடும், விலையைக் குறைக்கவும் அது நியாயமான காரணம்.

எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்காமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போய், குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சுபாருவில் எண்ணெய்க் கோலை உருவி அளவு பார்த்த பிறகு, ஓடிவந்து சூடேறிய எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்கையில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவத்தின் சேமிப்புக் கலனைத் திறக்காமலே உற்றுப் பாருங்கள். அதற்குள் தொடர்ந்து குமிழிகள் எழுந்தால் ஹெட் காஸ்கெற் போய்விட்டது என்றே கொள்ளலாம். இவையெல்லாம் திருப்தி என்றால், விற்பவருக்குத் தெரிந்த கராஜுக்கு அல்லாமல் நீங்கள் தெரிவுசெய்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், காரை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு, இருநூறு டொலர் செலவாகும். பின் அச்சுக்குப் போகும் நடுத்தண்டு கழற்றப்பட்ட கார்கூட முன்சில்லுகளால் சாதாரணமாக ஓடும் என்பதால், அந்தத் தண்டு இருக்கிறதா, அதன் மூட்டுகள் ஆடுகின்றனவா, டிஃபரென்ஷியலில் கசிவு உண்டா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இதற்கு இணங்காத விற்பவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

தனியாரிடம் வாங்கும்போது பாவித்த வாகனத் தகவல் தொகுப்பை விற்பவரே தர வேண்டும். 20 டொலர் பெறுமதியான அதில் முந்திய உரிமையாளர்களின் வரலாறும், காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்ற விபரமும், மொத்தவிலைப் பெறுமதியும் இருக்கும். கொடுத்த விலை, அந்தப் பெறுமதி ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்கே 13 வீத வரி அறவிடப்படும் என்பதால் ரசீதில் விலையைக் குறைத்து எழுதுவதில் பயனில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லும். சோதித்த அன்று கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. தனியாள் போல் நடித்துப் பல கார்களை விற்கும் உரிமமற்ற வியாபாரிகளும் இருக்கிறார்கள். தொலைபேசியில் “காரைப் பற்றிக் கேட்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், “எந்தக் கார்?” என்று மறுமுனையில் கேட்டால் எச்சரிக்கையாகுங்கள். உரிமைப் பத்திரத்திலுள்ள பெயர் விற்பவரின் அடையாள அட்டையோடு பொருந்தவும் வேண்டும். டீலரிடம் வாங்கினால் அவர் ஒன்ராறியோவில் வாகன வியாபாரிகளைக் கண்காணிக்கும் ஒம்விக் அமைப்பில் பதிவானவரா என்று பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை முழுவதும் வாசியுங்கள், ஏனெனில் கையெழுத்திட்ட பின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் ஒன்ராறியோச் சட்டத்தில் இல்லை. காப்புறுதிக் கட்டணம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே காரின் அடையாள எண்ணைச் சொல்லித் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் எஞ்சின் எண்ணெயையும் பின் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் மாற்றி, மின்கலத்தைச் சோதித்து, தெருவில் உப்பு விழும் முன் அடிப்பகுதிக்குக் கறள் தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள். விண்டர் ரயர் பூட்டியதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்; 2016 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில் அதற்குக் கட்டணத்தில் கழிவு கொடுப்பது கட்டாயம்.