ஹைட்ரோஸ் டிரம் புகைந்தால்

சென்னிமலைப் பக்கம் ஒரு நூல் சாயப்பட்டறையில் 19 வருடமாக ஸ்டோர் என் பொறுப்பு. சாயம், உப்பு, காஸ்டிக், பெராக்சைடு, ஆசிட் எல்லாம் என் கணக்கில்தான் வரும், போகும். ஆட்கள் காஸ்டிக்கைக் கண்டால் பயப்படுவார்கள், ஆசிட்டைக் கண்டால் விலகி நிற்பார்கள். ஹைட்ரோஸை மட்டும் சோடா உப்பு மாதிரி நினைத்து அள்ளுவார்கள். வெள்ளைப் பொடி, தொட்டால் உடனே சுடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹைட்ரோஸ் என்று நாம் சொல்வது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். வாட் சாயம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் சேர்ந்துதான் அதைக் கரைய வைக்கின்றன. நீலச் சாயத்தொட்டி மஞ்சளும் பச்சையுமாக மாறி, நூலைத் தூக்கிக் காற்றில் பிடித்ததும் மறுபடி நீலம் ஏறுமே, அந்த வேலையைச் செய்வது இதுதான். பாலியெஸ்டரில் ஒட்டி நிற்கும் மிச்சச் சாயத்தைக் கழுவவும் இதையே போடுகிறோம். பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் நூல் போடுகிற ஊரில் இது இல்லாமல் வேலை ஓடாது.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், ஐப்பசி மழை. ராத்திரி கூரை ஷீட்டின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. கீழே இருந்த டிரம்மின் மூடி சரியாக மூடப்படவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் தீக்குச்சி உரசின வாசம், மூக்கு எரிகிற அளவுக்கு. "ஏனுங்க்கா, டிரம்முல இருந்து புகை வருதுங்" என்று கத்திக்கொண்டே ஒரு பையன் ஓடி, பக்கத்தில் இருந்த மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டான். பொடி பொங்கி எழுந்து பற்றிக்கொண்டது. முன்கை வெந்து, இருமி இருமி அவன் வாசலில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவர் வாளி மணலைக் கொட்டினார். மணலுக்கு அடியிலும் அது புகைந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீரை வெள்ளமாக அடித்த பிறகுதான் அடங்கியது. அந்தப் பையன் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. அவனுக்கு முன்கூட்டியே சொல்லித் தராதது என் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஈரம் பட்டால் ஹைட்ரோஸ் சூடாகும். ஒரு மக் தண்ணீரால் அந்தச் சூட்டை அடக்க முடியாது, கிளப்பிவிடத்தான் முடியும். சூடு ஏறினால் பொடி தானாகவே சிதைந்து, அந்தச் சிதைவு இன்னும் சூட்டைக் கொடுத்து, அப்படியே ஏறிக்கொண்டு போகும். அது எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அதனால் மணலைப் போட்டு மூடினாலும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடித்தாலும், ஈரச்சாக்கைப் போர்த்தினாலும் பிரயோஜனம் இல்லை. சாக்கு இன்னும் மோசம், அதிலேயே ஈரம் இருக்கிறது. இதை அணைக்க வழி ஒன்றுதான்: பொடி முழுவதும் கரைந்து குளிர்ந்துபோகிற அளவுக்குத் தண்ணீர். கொஞ்சமாக ஊற்றுவதற்கு, ஊற்றாமல் ஓடிவிடுவதே மேல்.

வருகிற புகை சல்ஃபர் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனம், தரையோடு படியும், பள்ளத்தில் தங்கும். வீசிங் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகிவிடும். நாம் மூக்கில் கட்டுகிற துணி மாஸ்க் பொடித் தூசியைத்தான் தடுக்கும். இந்த வாயுவைத் தடுக்காது.

இப்போது ஸ்டோருக்கு வருவோம். மழைக்கு மட்டும் பயந்தால் போதாது. ஈரோட்டுப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்கு அடியில் நின்று பாருங்கள், தலை கொதிக்கும். ஹைட்ரோஸுக்கு 50 டிகிரிக்கு மேல் சூடு ஆகவே ஆகாது. அதனால் டிரம்மைக் கூரையை ஒட்டி மேலே அடுக்கக் கூடாது, பாய்லர் சுவரோரம் கூடாது, ஸ்டீம் பைப்புக்குக் கீழே கூடவே கூடாது. தரையிலிருந்து தூக்கி பிளாஸ்டிக் பேலட் மேல் வையுங்கள், கழுவிவிடுகிற தண்ணீர் அடியில் வந்து நிற்கும். எங்கள் ஸ்டோரில் அந்த மூலைக்கு மட்டும் கூரைக்குக் கீழே இன்னொரு ஷீட் போட்டிருக்கிறோம். ஐப்பசி பிறக்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பேன், அதுவும் டிரம்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு.

பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். அசிட்டிக், ஃபார்மிக், எந்த ஆசிட் பட்டாலும் உடனே அந்த வாயு கிளம்பும். பெராக்சைடு, பிளீச்சிங் பவுடர், ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) சேர்ந்தால் நெருப்பே பிடிக்கலாம். இடம் இல்லை என்று ஒரே அறையில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். கோடு தண்ணீரையோ ஆசிட்டையோ நிறுத்தாது. சுவர் வேண்டும்.

எடை போடும் இடத்தில்தான் தினசரி ஆபத்து. ஹைட்ரோஸுக்கென்று தனி ஸ்கூப், தனி வாளி, இரண்டும் காய்ந்தது. எங்களுடையதில் சிவப்பு பெயின்ட் அடித்து, சங்கிலி போட்டு டிரம்மோடு கட்டியிருக்கிறேன். சாயத்தொட்டியில் முக்கின மக்கைக் கொண்டு வந்து டிரம்முக்குள் விடுவதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஈரக் கையுறையும் அப்படித்தான். எடுத்ததும் உள் பாலிதீன் பையின் வாயை முறுக்கிக் கட்டி, மூடியைப் போட்டு, வளையத்தை இறுக்க வேண்டும். ஷிப்ட் மாறும் அவசரத்தில் மூடாமல் போவார்கள். நான் அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை, மேஸ்திரியானாலும் திரும்பக் கூப்பிட்டு மூட வைப்பேன். தொட்டியில் போடும்போது முதலில் தண்ணீர், அப்புறம் காஸ்டிக், கடைசியில் ஹைட்ரோஸைத் தூவ வேண்டும். வாளியில் பொடியை வைத்துக்கொண்டு அதன்மேல் தண்ணீர் விட்டுக் கரைக்கும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. இன்றைக்கே நிறுத்துங்கள்.

கீழே சிந்தினால் ஈரத் துடைப்பம் ஆகாது, மரத்தூள் ஆகாது. காய்ந்த துடைப்பத்தால் கூட்டி, காய்ந்த வாளியில் எடுங்கள். திரும்ப டிரம்மில் போடாதீர்கள். குப்பைத்தொட்டியில் போட்டால், அங்கே ஈரக் கழிவுப் பஞ்சு கிடக்கும், ராத்திரி பற்றும். வெட்டவெளியில் 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் வைத்து, கொஞ்சம் சோடா ஆஷ் கலந்து, அதில் சிறுகச் சிறுகத் தூவிக் கரைத்து, சுத்திகரிப்புத் தொட்டிக்கு விடுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம்தான். சாயத்தண்ணீர் மண்ணை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். ஒன்று, ஹைட்ரோஸ் தண்ணீர் நின்ற மூடிய தொட்டிக்குள் சட்டென்று இறங்காதீர்கள். அது உள்ளிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

சரி, புகை வந்துவிட்டது. என்ன செய்வது?

வெளியே கூட்டி வைத்த கொஞ்சம் பொடிதான் புகைகிறது என்றால், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நின்று, தூரத்திலிருந்து ஹோஸ் பைப்பை முழுசாகத் திறந்து, நிறுத்தாமல் அடியுங்கள். அறைக்குள் டிரம்மே புகைகிறது, அல்லது தொட்டால் சுடுகிறது என்றால் அது உங்கள் வேலை இல்லை. மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், உருட்டி வெளியே கொண்டுவர நினைக்காதீர்கள். எல்லோரையும் காற்று வரும் பக்கமாக வெளியேற்றி, தலையை எண்ணி, 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். 1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லோடை என்ற ஊரில், ஹைட்ரோஸும் அலுமினியப் பொடியும் கலக்கும் இயந்திரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே சூடேறிக்கொண்டிருந்த சரக்கை வெளியே எடுத்துவிடலாம் என்று ஆட்கள் இறங்கிய நேரத்தில் வெடித்து 5 பேர் இறந்தார்கள். சரக்கைக் காப்பாற்றப் போகாதீர்கள் கண்ணுகளா. சரக்குக்குப் பில் இருக்கிறது, திரும்ப வாங்கலாம்.

தீயணைப்புக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். அன்றைக்கு "ஹைட்ரோஸுங்க" என்பதற்கு மேல் எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது கதவில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், ஐ.நா. எண் 1384, எத்தனை டிரம். இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன், எங்களிடம் பாதிப்பேர் பீகார், ஒடிசா பிள்ளைகள். ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுத்திருக்கிற அந்த எண்ணைச் சொன்னால் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தீயணைப்புக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். அடித்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் வாசலில் மண்மூட்டை போட்டுத் தடுங்கள், முடிந்தால் மட்டும்.

புகை பட்டவரை நல்ல காற்றில் உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "இப்ப பரவால்லீங்" என்று எழுந்து போகப் பார்ப்பார், விடாதீர்கள். நுரையீரலில் கோளாறு பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். டாக்டரிடம் அந்த ரசாயனத்தின் பெயரைச் சொல்ல, டிரம் லேபிளின் போட்டோவை முன்கூட்டியே செல்போனில் வைத்திருங்கள். தோலில் பொடி பட்டால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட்டு, அப்புறம் குழாயடியில் நிறையக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீர், இமையை விரித்துப் பிடித்து.

தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்டோரைத் திறந்ததும் வாசலிலேயே நின்று முதலில் முகர்ந்து பார்ப்பேன். வாசம் இல்லை என்றால் உள்ளே போய், ஒவ்வொரு டிரம்மையும் புறங்கையால் தொட்டு, கடைசியில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் நோட்டை எடுப்பேன்.