பாலத்தில் இருந்து தொடங்குங்கள்: மட்டக்களப்புப் பழைய நகருக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் முறை

அரச அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வீதிப் படம் வரைந்தவள் நான். இப்போது ஓய்வு. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற்ற மாதிரி, மட்டக்களப்பின் பழைய நகரான புளியந்தீவுக்குப் போக்குவரத்துத் திட்டம் போடப் போகிறோம் என்று போன மாதம் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். மடிக்கணினியைத் திறந்ததும் முதல் படத்திலேயே கார் தரிப்பிடம். நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டேன். திரும்பி வந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் வடிவத்தைப் பாருங்கள். பெயரிலேயே தீவு இருக்கிறது. கோட்டை, தேவாலயங்கள், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி எல்லாம் நடந்தே சுற்றக்கூடிய ஒரு துண்டு நிலத்தில். உள்ளே வீதியை அகட்டப் போனால் எதை இடிப்பீர்கள்? 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையையா? ஆகவே வீதியை விடுங்கள். எது உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பதைப் பாலத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். வேலையில் பாதி அதோடு முடிந்துவிடும்.

தீர்மானிக்க முன்னம் எண்ண வேண்டும். ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூலும் கொப்பியும் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கே, தீவை நிலப்பக்கத்தோடு இணைக்கும் கோட்டைமுனைப் பாலத்தடியில் போய் இருங்கள். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குவதால் நெரிசல் அதற்கு முன்னமே வந்து போய்விடும். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, அதுதான் ஐந்து. ஆனால் வாகனத்தை எண்ணாதீர்கள், தலையை எண்ணுங்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் அப்பா, முன்னால் சின்னவன், பின்னால் புத்தகப் பையோடு இரண்டு பேர் என்றால் நான்கு. ஏசி போட்டு ஒருவர் மட்டும் போகும் வான் என்றால் ஒன்று. பின்னால் பெட்டி கட்டிய மீன்காரரின் சைக்கிளுக்குத் தனி நிரல் வையுங்கள். நாளைக்கு வீதியை மூடினால் முதலில் சத்தம் போடப்போவது அவர்தான், அதில் நியாயமும் இருக்கும். பகல் ஒன்றில் இருந்து இரண்டரை வரை திரும்ப எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும், மார்கழி மழை நாள் ஒன்றும் வேண்டும். ஆடி அமாவாசைக்கு வரும் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவை இதோடு கலக்காதீர்கள், அது வேறு கணக்கு.

எண்ணி முடித்தபின் வீதியில் யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் ஊரே சைக்கிளில் ஏறியது. துருப்பிடித்துக் கிடந்த என் லுமாலா சைக்கிளும் அப்போதுதான் வெளியே வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. பூட்டி வைக்க ஓர் இரும்புச் சட்டம், மேலே ஒரு கூரை, அவ்வளவு போதும்.

சுற்றுலா பஸ்ஸுக்கு வருவோம். பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்களில் தங்குகிறவர்களில் பலருக்கு மட்டக்களப்பு என்பது கோட்டை வாசலில் ஒரு படம், அவ்வளவுதான். அந்தப் படத்துக்காகப் பெரிய பஸ் தீவுக்குள் நுழைகிறது. காந்திப் பூங்காப் பக்கம் ஆட்டோ ஓடும் தம்பி ஒருவர் சொன்னார்: “உள்ளுக்கு வந்தா பஸ்ஸைக் கிறுக்க இடமில்ல அக்கா, மறுகா ரிவேர்ஸ்தான்.” கிறுக்குவது என்றால் எங்கள் பேச்சில் திருப்புவது, மறுகா என்றால் பிறகு. இதைவிட நல்ல ஆய்வறிக்கை எனக்குத் தெரியாது. கல்லடியால் வரும் ஏ4 வீதி தீவுக்குள் போவதே இல்லை. பஸ்ஸை நிலப்பக்கம் நிறுத்தி, பாலத்தால் நடக்கவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ, விலைப்பலகையோடு. ஆட்டோச் சங்கத்தைக் கடைசிக் கூட்டத்துக்கு அல்ல, முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

நடக்கவிடுவது என்றால் நிழல் வேண்டும். இதில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை வீதியோரம் வாகனம் நிறுத்த அழகாக எட்டுக் கட்டங்கள் வரைந்தேன். அந்த இடத்தில் ஒரு வாகை மரம் நின்றதை நான் படத்தில் குறிக்கவில்லை. கந்தோரில் இருந்தபடி வரைந்தால் அப்படித்தான். மரம் போனது. அதுவரை அந்தப் பக்கத்தால் நடந்த சனம் அடுத்த சித்திரையில் எதிர்ப்பக்கம் மாறிவிட்டது. எட்டுக் கட்டமும் வெயிலில் காய்ந்தது, காரும் அங்கே நிற்கவில்லை. அன்றில் இருந்து மரத்தைத்தான் முதலில் வரைவேன். நீங்களும் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊன்றுகோல் பிடிக்கும் ஒருவரோடு அந்த வழியை நடந்து பாருங்கள். வடிகான் மூடி எங்கே ஆடுகிறது, எங்கே உட்கார ஒரு திட்டும் இல்லை என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். நடைபாதை 1.8 மீற்றர் அகலம் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டலாம்.

நல்ல முன்மாதிரிக்கு வெளிநாடு போகத் தேவையில்லை, கல்லடிக்குப் போங்கள். 1924இல் கட்டிய லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் திறந்தார்கள். பழையதை இடித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இடிக்கவில்லை. பின்னேரம் குடும்பம் குடும்பமாகச் சனம் அதில் காற்று வாங்குகிறது. வாவித் தண்ணீருக்குள் இருந்து வரும் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்கப் பௌர்ணமி இரவில் வருகிறவருக்கு எஞ்சின் சத்தம்தான் எதிரி. இரவில் எந்த வீதி அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் ஒரு வரியாக வரட்டும்.

தண்ணீரை மறக்க வேண்டாம். வாவி 56 கிலோமீற்றர் நீளம். எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் மிதப்பது: வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருந்து ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு ஏற்றிப் போகும் தெப்பம். மண்முனையில் 2014இல் பாலம் வந்து பாதையின் வேலை முடிந்தது. தீவில் இருந்து 1913ஆம் ஆண்டு வெளிச்சவீடு வரை ஒரு படகுச் சேவை நல்ல யோசனைதான். ஆனால் வலை போடும் நேரத்தையும் இடத்தையும் மீனவர் சங்கத்திடம் கேட்காமல் நேரசூசி அடிக்காதீர்கள்.

மறுகா கடிதங்கள். உள்வீதி மாநகர சபைக்கு, ஏ வகை வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, கோட்டையைச் சுற்றி எதையும் தோண்ட முன்னம் தொல்லியல் திணைக்களத்துக்கு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதி மாகாணத்திடம், மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் பிரதி அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். ஆளுக்கொரு கடிதம், ஒன்றில் ஒரே ஒரு கேள்வி.

சீமெந்து பூச முன்னம் கயிறும் நான்கு பீப்பாவும் வைத்து ஒரு ஞாயிறு காலை ஒரு வீதியை மட்டும் மூடிப் பாருங்கள். கடைக்காரர் சாமான் இறக்க எட்டு மணி வரை விடுங்கள். அம்புலன்சுக்கும் செத்தவீட்டு வண்டிக்கும் கயிறு அவிழ்க்க ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டும். அன்றைக்கும் அதே ஸ்ரூலில் இருந்து தலையை எண்ணுங்கள். பேனை வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். என் முதல் கணக்கு முழுவதும் ஒரு தூறலில் நீல மையாகக் கரைந்து போனது.