கேம்பிங் டாய்லெட்: கழுவும் தண்ணீரை மறந்துவிட்டு வாங்காதீர்கள்

பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள உலு லங்காட், ஜண்டா பாயிக், கோலகுபு பாரு பக்கம் ஆற்றோர முகாம்களில் புதுக் கூடாரங்கள் நிறைந்துவிடும். இப்போது பல குடும்பங்கள் சொந்த டாய்லெட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. நல்ல பழக்கம். அம்மா, பாட்டி, பெண் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கூடாரத்தைவிட அதுதான் முக்கியம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் வாங்கி அவதிப்பட்ட அதே சாமான்களைப் புதியவர்களும் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. டிஷ்யூ மறந்தது, டார்ச்லைட் மறந்தது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். இரண்டு தொட்டி வைத்த டாய்லெட்டின் பெட்டியில் ‘50 ஃபிளஷ்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஃபிளஷ் தண்ணீர் வைக்கும் மேல் தொட்டி 15 லிட்டர் என்றால் ஒரு ஃபிளஷுக்கு 300 மில்லி. கணக்கு சரிதான். ஆனால் அது காகிதத்தால் துடைக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. நாம் கழுவுகிறவர்கள். கழுவும் தண்ணீர் முழுவதும் கழிவு சேரும் கீழ்த் தொட்டிக்குத்தான் போகிறது. அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பெரியவர்கள், சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை. ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும். நால்வருக்கும் சேர்த்து 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து முறை போனால் மொத்தம் 20 முறை. 300 மில்லி ஃபிளஷ் என்றால் அதில் 6 லிட்டர். குவளையில் மொண்டு கழுவினால் எவ்வளவு சிக்கனமாக ஊற்றினாலும் முறைக்கு அரை லிட்டர் ஆகிவிடும்; அது 10 லிட்டர். மொத்தம் 22 லிட்டர், மலம் தனி. கடையில் ‘பெரியது’ என்று விற்கும் 20 லிட்டர் தொட்டியே ஒரு நாள் தாங்காது. மலிவாகக் கிடைக்கிறதென்று 10 லிட்டர் வாங்கியவர்களின் கதி என்ன?

ஜண்டா பாயிக்கில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் வந்திருந்தது. மூட்டுவலியுள்ள பாட்டிக்காகவே 10 லிட்டர் டாய்லெட் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தொட்டி நிரம்பிவிட்டது. மகன் அதைத் தூக்கிக்கொண்டு முகாமின் பொதுக் கழிப்பறைக்கு இருட்டில், ஈரப் புல்லில், மேட்டில் ஏறினார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிக்கவில்லை. “எனக்கு வேணாம்யா, தாகமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்; பொழுது ஏறுமுன்னே கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பிவிட்டார்கள்.

என் கோபத்துக்குக் காரணம் இதுதான். தொட்டி சிறியதென்று தெரிந்தால் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். குடிப்பதைக் குறைப்பார்கள், அடக்குவார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது உடம்புக்கு ஆபத்து. சிறுநீர்த் தொற்றும் இப்படி வரலாம். யாருக்காக வாங்கினோமோ அவருக்கே பயன்படாத டாய்லெட்டுக்கு எதற்குக் காசு?

இதற்கு வழி உண்டு, செலவும் குறைவு. குவளையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிதுக்கினால் தண்ணீர் பீச்சும் நீள மூக்கு பாட்டில் ஒன்றை ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள். 200 மில்லி போதும், நன்றாகவே சுத்தமாகும். அந்தத் தண்ணீரே கிண்ணத்தையும் அலசிவிடுவதால் சிறுநீருக்கு ஃபிளஷ் தேவையில்லை. இப்போது கணக்கு: சிறுநீர் 6, கழுவ 4, மலத்துக்கு மட்டும் நான்கு ஃபிளஷ், அது ஒன்றேகால் லிட்டர். மலத்தையும் சேர்த்தால் 12 லிட்டர் பக்கம் நிற்கும். அதே 20 லிட்டர் தொட்டி ஓர் இரவைத் தாராளமாகத் தாண்டும். ஆண்கள் நடந்துபோய்ப் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தினால் இரண்டாம் இரவும் தாங்கும். இரண்டு இரவுக்கு மேல் என்றால், வழியில் எங்கே கொட்டப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

எடையையும் நினைவில் வையுங்கள். 20 லிட்டர் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கப் போவது யார் என்று கேட்டுவிட்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

உட்காரும் உயரத்தைப் பார்க்காதது

10 லிட்டர் டாய்லெட்டுகள் பெரும்பாலும் 30 செண்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். வீட்டு டாய்லெட் 40 பக்கம். மூட்டுவலிக்காரருக்கு அந்த வித்தியாசமே போதும், எழுந்திருக்க முடியாது. கடையில் அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். உட்கார்ந்த நிலையில் கழுவக் கை உள்ளே போக இடம் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். மடிக்கும் முக்காலி வகையில் பல இந்தச் சோதனையில்தான் தோற்கும். மழைக்குப் பிறகு அதன் கால்கள் மண்ணில் இறங்கவும் செய்யும். அடியில் பலகை போடுங்கள்.

பை வகையில் தண்ணீர் ஊற்றுவது

தொட்டிக்குப் பதில் பை மாட்டும் வகையும் உண்டு. பைக்குள் போடும் ஜெல் பவுடர் சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயாப்பரில் இருப்பதும் இதுதான். வெறும் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சும். உப்புள்ள சிறுநீரில் அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். அதோடு அரைக் குவளை தண்ணீரும் சேர்ந்தால் பை ததும்பும். இந்த வகையை மலத்துக்கு மட்டும் வையுங்கள். முதலில் டிஷ்யூ, பிறகு பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர். சுங்கை பூலோ நர்சரிகளில் விற்கும் தேங்காய் நார்த்தூளை மேலே ஒரு கை தூவினால் ஈரமும் நாற்றமும் அடங்கும்.

கட்டிய பையை வெளியே தொங்கவிடாதீர்கள். குரங்குகள் கிழித்துவிடும். மூடியை இறுக்கிப் பூட்டும் வாளியில் வைத்து, எங்கே போடுவது என்று முகாம் உரிமையாளரிடம் கேளுங்கள்.

ஆற்றில் கொட்டுவது

கூடவே கூடாது. கோலகுபு பாருவைத் தாண்டிக் கீழே போகும் சிலாங்கூர் ஆறுதான் கோலாலம்பூர், சிலாங்கூர் வீடுகளின் குழாய்நீருக்குப் பெரும்பங்கு தருகிறது. 2020 செப்டம்பரில் ராவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அது தொழிற்சாலைக் கழிவு, அளவில் வேறு. ஆனால் மேலே கலந்தது கீழே நம் வீட்டுக்கு வரும் வழி அதுதான். வேறு வழியே இல்லாமல் குழி தோண்ட நேர்ந்தால் ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செண்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி மூடுங்கள். தொட்டியை அப்படிக் கவிழ்க்கக் கூடாது. அதை முகாமின் பொதுக் கழிப்பறையிலோ வீட்டு டாய்லெட்டிலோதான் கொட்ட வேண்டும்.

எந்த நீல மருந்தானாலும் சரி என்பது

நாற்றத்தை அடக்கத் தொட்டியில் ஊற்றும் நீல மருந்தில் ஃபார்மால்டிஹைட் கலந்தது செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொல்லும். பழைய தாமான் (குடியிருப்பு) வீடுகளிலும் முகாம்களிலும் இன்னும் செப்டிக் டேங்க் இருக்கிறது. ஃபார்மால்டிஹைட் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். டாய்லெட்டைப் பயன்படுத்தும் முன்பே கொஞ்சம் தண்ணீரோடு தொட்டியில் ஊற்ற வேண்டும், நாற்றம் வந்த பிறகு அல்ல.

பிளீச்

வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

விளக்கைத் தரையில் வைப்பது

உள்ளே இருப்பவரின் நிழல் டாய்லெட் கூடாரத்தின் துணியில் அப்படியே விழும். உச்சியில் தொங்கவிடுங்கள்.

நிரம்பிய தொட்டியை வெயிலில் விடுவது

கார் பூட் சூட்டில் உள்ளே வாயு பெருகும். வீட்டுக்கு வந்து அவசரமாகத் திறந்தால் முகத்தில் தெறிக்கும். காற்று வெளியேற்றும் பட்டனை முதலில் அழுத்திக்கொண்டு, பிறகு மெதுவாகக் கொட்டுங்கள். பட்டன் இல்லாத மாடலை வாங்காதீர்கள். காராக் சாலை வளைவுகளில் தொட்டி சாயாமல் பெல்ட் போட்டுக் கட்டவும் வேண்டும்.

கழுவி மூடி வைத்துவிடுவது

இரண்டு தொட்டிக்கும் நடுவில் உள்ள, இழுத்துத் திறக்கும் தட்டு மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறது. மூடியே அடுக்கி வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், அடுத்த விடுமுறையில் இழுக்கும்போது கிழியும். காய்ந்த பிறகு ரப்பருக்குச் சிலிகோன் லூப்ரிகண்ட் தடவி, தட்டைத் திறந்தபடியே வையுங்கள். சமையல் எண்ணெயும் வாஸ்லினும் ரப்பரைக் கெடுக்கும். கடைக்காரரிடம் மாற்று ரப்பர் கிடைக்குமா என்று வாங்கும் அன்றே கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு மாடலைப் பாருங்கள்.