அருவியில் நனைந்து படகைக் கோட்டை விட்டவர்கள்: தியோமான் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூன் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் தியோமான் தீவுக்குப் படகு கிளம்பும் மெர்சிங் படகுத்துறையில் நான்கு பேரைப் பார்த்தேன். முதுகுப்பையின் வாரில் ஈரத் துண்டு தொங்கியது. ஒரு பெண்ணின் கையில் பேரங்காடிப் பை, அதற்குள் ஈர உடுப்பு, பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டிக்கெட் முகப்பிலிருந்த மலாய்க்கார அக்கா கையை விரித்து “ஆயர் சூருட்” என்றார். தண்ணீர் வற்றிவிட்டது.

நான் அரை மணி நேரம் முன்புதான் தீவிலிருந்து திரும்பி, எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எழுந்துபோய்க் கேட்கவே தேவையில்லை. கோத்தா திங்கி அருவியில் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள், படகு போய்விட்டது. 2011-ல் அதே முகப்பில், ஏறக்குறைய அதே ஈரத்தோடு நானும் நின்றிருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து முதுகுப்பையை மாட்டிக்கொண்டு அருவிக்கும் பவளப்பாறைக்கும் கிளம்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில், கடவுச்சீட்டின் கெடு தேதி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

டிசம்பரில் கிளம்புவது

நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் கடைசிவரை. தீபாவளி முடிந்த கையோடு “எங்கேயாவது போகலாமே” என்று வீட்டில் பேச்சு எழும். தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று ஏறுவதும் அப்போதுதான். சென்னையை நவம்பரில் மிதக்கவிடும் அதே காற்று. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை படகுகள் குறையும், பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும், கடல் கலங்கியிருக்கும். மலிவாக அறை கிடைக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அந்த மலிவுக்குக் காரணம் இதுதான். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போகலாம். ஜூனில் கூட்டம் நெரியும். செப்டம்பரில் கிடைக்கும் ஒரு வார விடுமுறைதான் என் தேர்வு.

“வழியிலதானே இருக்கு!”

என்னை இன்னும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் 42 கிலோமீட்டர் தொலைவில் கோத்தா திங்கி. அங்கே குனோங் முந்தாஹாக் மலையடியில் சுமார் 36 மீட்டர் உயர அருவி. ‘காலையில் அருவி, மதியம் படகு, மாலையில் பவளப்பாறை’ என்று ஒரே நாளில் மூன்றையும் கோத்துவிடலாம் போலத் தோன்றும். நானும் அப்படித்தான் கோத்தேன்.

முதலில், அந்த அருவி வழியில் இல்லை. கோத்தா திங்கி ஊரிலிருந்து பிரிந்து உள்ளே சுமார் 16 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். குளிப்பது அரை மணி நேரம் என்றால் உடை மாற்றுவது, ஒருவரின் செருப்பைத் தேடுவது, நாசி லெமாக் வாங்குவது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் மெர்சிங் வரை இன்னும் சுமார் 90 கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனால் அதன் வால்தான் உங்கள் வேகம். யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகள் உள்ள சாலை அது, கண்ட இடத்தில் முந்தவும் முடியாது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாதது கடல்.

மெர்சிங்கில் படகு கிளம்புவது ஆற்று முகத்துவாரத்திலிருந்து. மணல் படிந்து ஆழம் குறைந்த இடம். கடல் ஏறியிருந்தால் படகு தாராளமாக வெளியேறும், வற்றிவிட்டால் அடி தட்டும். அதனால் படகு நேரத்தை முடிவுசெய்வது ஏற்றவற்றம். சந்திரனின் போக்கில் அது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், படகு அட்டவணையும் நாளுக்கு நாள் மாறும். இன்று விடிகாலையில் கிளம்பும் படகு பத்து நாள் கழித்து மதியம் கிளம்பலாம். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இருக்கும், இன்னொரு நாளில் ஒன்றோடு சரி. “போன மாசம் நாங்க ரெண்டரை மணிப் படகுல போனோம்” என்று நண்பர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மைதான். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2011-ல் நான் நம்பியது அந்த இரண்டரை மணியைத்தான். ஒன்றேகாலுக்கே துறைக்கு வந்துவிட்டோம் என்று எனக்கும் நண்பனுக்கும் ஏகப் பெருமை. அன்றைய படகு பதினொன்றரைக்கே போயிருந்தது. தீவில் ஆயர் பாத்தாங் கிராமத்தில் முன்பணம் கட்டிய குடில் காலியாகக் கிடக்க, நாங்கள் மெர்சிங்கில் பேருந்து நிலையம் பக்கத்தில் ஓர் அறையில் கொசுவடித்தோம். ஒரே இரவுக்கு இரண்டு இடத்தில் வாடகை. மறுநாள் போய்ச் சேர்ந்தால், திரும்பும் படகு அதற்கு மறுநாள் விடியலில். இரண்டு மணி நேரக் கடல் பயணம் செய்து தீவில் முழுதாக ஒரு நாள்கூட இல்லை.

அந்தக் குறை நாளில்தான் தெரிந்தது, தியோமானிலேயே அருவி இருக்கிறது! தீவைச் சுற்றிக்காட்டும் பகல்நேரப் படகில் ஏறினால் பவளத் தீவு என்று அழைக்கப்படும் துலாய்க்கும், ரெங்கிஸ் திட்டுக்கும் கூட்டிப்போய் நீந்தவிட்டு, தெற்கே ஆசா அருவியிலும் நிறுத்துவார்கள். கரையிலிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். எந்த அருவிக்காகப் படகைக் கோட்டை விட்டோமோ, அதைவிட அமைதியான ஒன்று அங்கே சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. என் நண்பன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆகவே, முதலில் நீங்கள் போகும் தேதிக்கான படகு நேரத்தைக் கையில் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். படகுக்கு ஒரு மணி நேரம் முன்பு முகப்பில் நிற்க வேண்டும், இணையத்தில் பதிந்த சீட்டைக் கொடுத்து ஏறும் அட்டை வாங்க வேண்டும், கடல் பூங்காக் கட்டணம் கட்ட வேண்டும். விடுமுறைக்கு முந்தைய மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று உங்களுக்கே தெரியும். காலைப் படகு என்றால் முதல்நாள் இரவே மெர்சிங் போய்த் தூங்குங்கள். திட்டம் போட்டுத் தூங்கினால் அந்த ஊர் நல்ல ஊர்தான். வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் தஞ்சோங் கெமோக் என்று இன்னொரு துறை உண்டு. ஏற்றவற்றத் தொல்லை அங்கே குறைவு, படகுகளும் குறைவு.

கோத்தா திங்கி அருவியையும் பார்த்தே ஆகவேண்டுமா? திரும்பும்போது பாருங்கள். திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக எந்தப் படகும் காத்திருக்காத நாளில் குளிக்கிற குளியலே தனி.

இதையெல்லாம் அந்த நால்வரிடம் சொன்னேன். பேரங்காடிப் பைப் பெண், “இல்லண்ணா, மேப்ல ரெண்டு மணி நேரம்னுதான் காட்டுச்சு” என்றாள். “மேப்புக்குக் கடல் வத்துறது தெரியாதும்மா” என்றேன். அவர்களுக்கும் கொசுவடிக்கும் அறைதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அருவியில் கூட்டம் இருக்காது என்று நம்புவது

பழைய கதை. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள், அருவி நமக்கு. 2025 ஜனவரி 1 முதல் அவர்களுக்கும் சனி, ஞாயிறுதான்.

வருகை அட்டையை மறப்பது

எங்கள் குழுவில் வரும் சிங்கப்பூர்க் குடிமக்கள் “அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நேரா போயிடலாம்” என்பார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டாம். ஆனால் கூடவே இந்தியக் கடவுச்சீட்டோடு ஒருவர் வருவார், வேலை அனுமதியிலோ நிரந்தரவாசியாகவோ. 2024 ஜனவரி முதல் அவர் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பியிருக்க வேண்டும், பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப் பக்கம் போலி. ஒரு தடவை பேருந்து நாற்பது பேரோடு கிளம்பிவிட, எங்கள் ஆள் ஒருவர் குடிநுழைவு வரிசையின் ஓரத்தில் நின்று கைப்பேசியில் கடவுச்சீட்டு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் இரண்டு தடவை தப்பு. அடுத்த பேருந்தில் எல்லோரும் நின்றுகொண்டே போனோம்.

அருவியில் தலைக்கு மேலே வெயில் அடித்தால் போதும் என்று நினைப்பது

குற்றாலத்தில் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றிவிடுவார். மலேசியக் காட்டருவிகள் பலவற்றில் விசிலடிக்க ஆள் கிடையாது. நீங்களேதான் போலீஸ்காரர்.

மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள், தண்ணீரின் தலை. மேலே மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்கி வருவது. நீங்கள் குளிக்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது. ஆனால் அறிகுறி உண்டு. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும், கொஞ்சம் முன்பு உட்கார்ந்திருந்த பாறை முங்கியிருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் கரைக்கு ஏறுங்கள், பை போனால் போகட்டும். கரைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். படம் அழகாக வரும், ஒப்புக்கொள்கிறேன்.

காலில் ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக் காய்ச்சல் பரவும் வழிகளில் இத்தகைய ஆற்று நீரும் ஒன்று. திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் அடித்தால், அருவியில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிலிப்பர்

பாசியில் வழுக்கும். மலேசியாவில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாக அழைக்கும் விலை மலிந்த ரப்பர் காலணியை வாங்குங்கள்.

பவளத்தின் மேல் நிற்பது

நீச்சல் சரியாக வராதவர்தான் நிற்பார் என்று நினைக்காதீர்கள். நான் நன்றாகவே நீந்துவேன். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, சரிசெய்யலாம் என்று கீழே இருந்த ‘பாறையில்’ கால் ஊன்றினேன். அந்தப் பாறைக்கு உயிர் இருந்தது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம், நான் உடைத்த துண்டு என்னைவிட மூத்ததாகக்கூட இருந்திருக்கும். அதுவும் சும்மா விடவில்லை. குதிகாலில் கீறிய காயம் சீழ் வைத்து மூன்று வாரம் நொண்டினேன்.

உயிர்காப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மல்லாந்து மிதந்தபடியே சரிசெய்யலாம். அதைப் பேட்டை நீச்சல் குளத்தில் பத்துத் தடவை பழகிவிட்டு வாருங்கள்.

ரெங்கிஸ் பக்கம் கருமுனைத் துடுப்புச் சுறாக் குட்டிகள் சுற்றும். அவற்றைப் பார்த்து அலறுவது வீண், அவை உங்களைக் கண்டு முன்பே ஓடியிருக்கும். நீங்கள் அஞ்ச வேண்டியது டைட்டன் டிரிகர்ஃபிஷ் எனப்படும் பெரிய கிளாத்தியிடம். முட்டையிட்டிருந்தால் கூட்டுக்கு மேலே, கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி, நீர்மட்டம் வரை தன் எல்லை என்று அது நினைக்கும். துரத்தினால் புதியவர் மேலே எழும்புவார், அதாவது அந்த எல்லை இன்னும் அகலமாகும் இடத்துக்கே போவார். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

மீனுக்கு ரொட்டி போடுவது

1994 முதல் அது கடல் பூங்கா. மீனுக்குச் சாப்பாடு கடலிலேயே இருக்கிறது.

மீசை

முகக் கண்ணாடி ஒழுகும். மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மழித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

சிங்கப்பூரில் பவளம் இல்லை என்று நினைப்பது

நம் கடலில் 250-க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் உண்டு. சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி 40 ஹெக்டேர் பரப்பில் கடல் பூங்கா 2014-ல் அறிவிக்கப்பட்டது. மேம்பாட்டுக்காக மூடியிருந்த பெரிய தீவு 2024 அக்டோபரில் மறுபடி திறந்தது. தண்ணீர் தியோமான் போலத் தெளிவாக இருக்காது, நீரோட்டமும் வலுவானது, குளம் போலத் தடுத்த பகுதியை விட்டு வெளியே நீந்தக் கூடாது. ஆனால் மெர்சிங்கில் உங்கள் பயணத்தைக் கெடுக்கும் அதே வற்றம் இங்கே உதவிக்கு வரும். கடல் நன்றாக வற்றும் நேரத்தில் வழிகாட்டியோடு போனால், முகக் கண்ணாடியே இல்லாமல் முழங்கால் தண்ணீரில் பவளத்தையும் கடல் அல்லியையும் குனிந்து பார்க்கலாம். ஏற்றவற்ற அட்டவணையைப் படிக்கப் பழகுவதற்கும் இதுவே நல்ல இடம்.

திரும்பும் படகு

அதுவும் ஏற்றவற்றப்படிதான். பேரங்காடிப் பைப் பெண் இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். ஆசா அருவிக்குக் கீழே நால்வரும் தொப்பலாக நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னொரு செய்தி வந்தது: “அண்ணா, படகு ஆறரைக்கே போயிடுச்சு. இவனுங்க ரெண்டு பேரும் எழுந்திரிக்கல.”