கொரியப் பெயர்கள்: அர்த்தம் தேடுவதிலும் கூப்பிடுவதிலும் நடக்கும் தவறுகள்

கொரிய நாடகம் பார்ப்பவர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வந்துவிடும்: "மின்-சு என்றால் என்ன அர்த்தம்?" இணையத்தில் தேடினால் உடனே அட்டவணை கிடைக்கும். ஜி என்றால் அறிவு, மின் என்றால் சுறுசுறுப்பு, சு என்றால் சிறப்பு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழந்தைக்குப் பெயர் தேடுபவர்கள் உண்டு, கையில் பச்சை குத்திக்கொள்பவர்களும் உண்டு. கொரியப் பெயர் விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு அந்த அட்டவணையை நம்புவதுதான்.

பெரும்பாலான கொரியப் பெயர்கள் ஹாஞ்சா எனப்படும் சீன எழுத்துகளால் ஆனவை. அன்றாடம் எழுதுவது ஹாங்குல் எனப்படும் கொரிய எழுத்தில். ஹாங்குல் ஒலியை மட்டும் காட்டும்; அர்த்தம் பின்னால் இருக்கும் ஹாஞ்சாவில் இருக்கிறது. 'ஜி' என்று ஒலிக்கும் எழுத்துகளில் ஒன்றுக்கு அறிவு என்று பொருள், இன்னொன்றுக்கு மனஉறுதி, வேறொன்றுக்கு மரக்கிளை. ஒரே வகுப்பில் இரண்டு மின்-சு இருக்கலாம். ஒருவன் பெயருக்குச் சுறுசுறுப்பும் சிறப்பும் உள்ளவன் என்று பொருள் வரும்; மற்றவன் பெயருக்கு மக்களைக் காப்பவன் என்று வரும். ஹாங்குலில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. கொரியர்களே தெரியாத ஒருவரின் பெயருக்கு அர்த்தம் சொல்ல மாட்டார்கள். "எந்த ஹாஞ்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பெற்றோர் இஷ்டத்துக்கு எந்த எழுத்தையும் எடுத்துவிடவும் முடியாது. பெயரில் பதிவு செய்யக்கூடிய ஹாஞ்சா எவை என்பதற்கு 1991 முதல் உச்ச நீதிமன்றத்தின் பட்டியல் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, இப்போது 9,000 எழுத்துகளைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப் பலர் ஜக்மியொங்சோ எனப்படும் பெயர் வைக்கும் நிலையங்களுக்குப் போவார்கள். அங்கே பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். எழுத்தில் எத்தனை கோடுகள், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் பிள்ளைக்கு எது குறைகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் பெயர் முடிவாகும். அட்டவணையில் இதில் எதற்கும் இடமில்லை.

விதிவிலக்கும் உண்டு. ஹாநுல் (வானம்), இசுல் (பனித்துளி), சுல்கி (புத்திக்கூர்மை), பொராம் (செய்ததற்குக் கிடைக்கும் மனநிறைவு) போன்றவை தூய கொரியச் சொற்கள். இவற்றுக்கு ஹாஞ்சா தேவையில்லை, அர்த்தமும் வெளிப்படை. ஆனால் எல்லாப் பெயரையும் இப்படிப் பிரித்துப் பார்க்கப் போனால் மறுபடி அட்டவணையில்தான் போய் விழுவோம்.

சத்தம் இனிமையாக இருக்கிறது என்று பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. யொங்-ஜா, சுன்-ஜா என்பவை கேட்க நன்றாகத்தான் இருக்கும். அங்கே அவை பாட்டிமார் பெயர்கள். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், ஜப்பானியப் பெண் பெயர்களில் வரும் 'கோ' என்ற அதே எழுத்தைக் கொரிய உச்சரிப்பில் 'ஜா' என்று வைத்துப் பரவியவை. (அந்த ஆட்சி 1940இல் குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னது. விடுதலைக்குப் பின் 1946இல்தான் பழைய பெயர்கள் சட்டப்படி திரும்பின.) மல்-ஜா என்றும் ஒரு பெயர் உண்டு. 'மல்' என்றால் கடைசி. பெண் பிள்ளை இதோடு போதும், அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்ற எண்ணத்தில் பல வீடுகளில் வைத்தது. போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதும் சரிவராது. கிம் ஜி-வொன் நடிகை. இன்னொரு ஜி-வொன் (குடும்பப் பெயர் 'உன்') ஆண் பாடகர்.

சரி, குடும்பப் பெயருக்கு வருவோம். அது முன்னால் வரும். இது பலருக்குத் தெரியும். தெரிந்தும் தவறுவார்கள். 2024இல் இலக்கியத்துக்கான நோபல் பெற்ற ஹான் காங்கை "காங்கின் நாவல்கள்" என்று எழுதுகிறார்கள். ஹான்தான் குடும்பப் பெயர். காங் என்பது ஓரசையில் அமைந்த சொந்தப் பெயர். சேர்த்துச் சொன்னால் சியோல் நடுவே ஓடும் ஹான் ஆற்றின் பெயர் போலவே ஒலிக்கும். மேற்கத்திய ஊடகங்கள் சிலரது பெயரைத் திருப்பிப் போடுவதால் குழப்பம் கூடுகிறது. கால்பந்து வீரர் சொன் ஹுங்-மின் அங்கே ஹுங்-மின் சொன் ஆகிவிடுகிறார்.

சொந்தப் பெயர் பெரும்பாலும் ஈரசை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு பெயர். இரண்டாவது அசை நடுப்பெயர் அல்ல. முதல் அசையை மட்டும் வெட்டி "மிஸ்டர் மின்" என்று மின்னஞ்சல் அனுப்பினால் அபத்தமாகிவிடும். பல குடும்பங்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் அசையைப் பொதுவாக வைப்பார்கள். அதற்கு தொல்லிம்ஜா என்று பெயர். மின்-சுவின் தம்பி மின்-ஹோவாக இருக்கலாம். "மின்" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

எல்லா கிம்மும் சொந்தக்காரர்கள் என்று நினைப்பது அடுத்த தவறு. பி.டி.எஸ். என்ற கொரியப் பாடகர் குழுவில் மட்டும் மூன்று கிம் இருக்கிறார்கள்: நாம்-ஜுன், சொக்-ஜின், தே-ஹ்யொங். மூவரும் உறவில்லை. 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்கொரியாவில் 21.5 சதவீதம் பேர் கிம். அதனால் குடும்பப் பெயரை விட, குலம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். கிம்ஹே கிம் வேறு, கியொங்ஜு கிம் வேறு. ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் மணந்துகொள்ளச் சட்டமே தடையாக இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது.

இந்த கிம்ஹே கிம் குலத்தைப் பற்றித்தான் நம்மூர் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது, தமிழ் இளவரசி கொரிய ராணியான கதை. 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யூசா என்ற நூல், ஹொ ஹ்வாங்-ஒக் என்ற இளவரசி கி.பி. 48இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்து, கிம்ஹே கிம் குலத்தின் முதல்வராகக் கருதப்படும் சுரோ மன்னரை மணந்தார் என்கிறது. ஆயுதா அயோத்தியா, தமிழகக் கரையா என்பதில் ஆளுக்கொரு வாதம் வைத்திருக்கிறார்கள். மூலக்கதையே சம்பவத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது என்பதை யாரும் சொல்வதில்லை. அதை வரலாறாக எடுத்துக்கொண்டு, கிம் என்ற பெயருக்கே தமிழ் வேர் தேடுவது வீண் வேலை. கொரியாவில் அந்தக் கதையின் தடம் வேறொரு இடத்தில் இருக்கிறது: பிள்ளைகளில் இருவர் தாயின் பெயரான ஹொவை எடுத்துக்கொண்டார்கள் என்ற நம்பிக்கையில், கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹொவும் மரபாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

கல்யாணமானாலும் கொரியப் பெண் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. ஆகவே திரு. கிம்மின் மனைவியை "மிஸஸ் கிம்" என்று எழுதாதீர்கள். அவர் பாக் ஆகவோ ஹான் ஆகவோ இருக்கக்கூடும்.

எழுத்துப்பெயர்ப்பில் ஆங்கில எழுத்தை நம்பியதால் வந்த வினைகள் தனி. நாம் 'பார்க்' என்று எழுதும் பெயரில் 'ர்' கிடையவே கிடையாது, அது பாக். 'லீ' தென்கொரியாவில் வெறும் 'இ'. தென்கொரியாவின் முதல் அதிபரை சிங்மன் ரீ என்று படித்திருப்போம், அந்த ரீயும் இதே இ-தான். 'சோய்' உண்மையில் 'ச்வே'க்குப் பக்கத்தில் ஒலிக்கும். 'யங்' என்று வருவதற்கும் இளமைக்கும் சம்பந்தமில்லை, அது யொங். குறில் ஒகரம் தமிழில் இருக்கும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக, கூப்பிடுவது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் அன்றாடப் பிரச்சினை. நாடகத்தில் கேட்ட 'ஸ்ஸி' மரியாதைச் சொல் என்று நினைத்து "கிம் ஸ்ஸி" என்று அழைத்தால் முகம் மாறும். வெறும் குடும்பப் பெயரோடு ஸ்ஸி சேர்த்தால் தாழ்த்திப் பேசுவது போல் ஆகிவிடும். முழுப் பெயரோடு சேர்த்தால் பரவாயில்லை, ஆனால் மேலதிகாரிக்கு அதுவும் போதாது. பதவியைச் சொல்லி 'நிம்' சேர்ப்பதுதான் வழக்கம்: துறைத் தலைவர் என்றால் "கிம் புஜாங்-நிம்". நாடகத்தில் தோழர்கள் கூப்பிடும் "மின்-சு-யா" நம் வாடா போடா ரகம். வயதில் மூத்தவரிடம் அது வாயில் வரக்கூடாது.

பெற்றோர் பெயரைச் சொல்ல இன்னும் கட்டுப்பாடு. அப்பா பெயர் என்ன என்று கேட்டால், ஒழுங்காக வளர்ந்த பிள்ளை "கிம் சொல்-சு" என்று மொட்டையாகச் சொல்லாது. "கிம், சொல்-ஜா, சு-ஜா" என்று அசை அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் எழுத்து எனப் பொருள்படும் 'ஜா'வைச் சேர்க்கும். குடும்பப் பெயரோடு மட்டும் 'ஜா' சேர்க்கக் கூடாது. அங்கேதான் கொரிய இளைஞர்களே தடுமாறுகிறார்கள்.